தெஹிவளையில் பத்தியச் சரக்கு

மகள் பிள்ளை பெற்று வீடு வந்த வாரம் தெஹிவளைக்குப் போனேன். பத்தியக் குழம்புக்கான சரக்கை வறுத்துப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனவள், ரம்புக்கனையில் ஏறிய ரயிலிலேயே பையை விட்டுவிட்டேன். மகள் கோபப்படவில்லை. "இங்க கடையில கிடைக்கும், விடுங்கம்மா" என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மறுநாள் மருமகன் வேலைக்குப் போனதும் தனியாகக் கிளம்பினேன். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கடை என்றாலே வாயில் சிங்களம்தான் வரும். முதலில் கண்ட பலசரக்குக் கடையில் திப்பிலி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன். முக்காடு போட்ட கடைக்காரம்மா என் பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"தமிழ்லயே கேளுங்க. எங்க வீட்லயும் தமிழ்தான்."

பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியச் சரக்கு வேண்டும் என்றேன். பக்கத்தில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் திரும்பினார். "மகளுக்குச் சரக்கோ? நற்சீரகம் கூடப் போடுங்கோ. உள்ளியும் நிறையப் போடோணும்."

உள்ளி என்றால் என்னவென்று தெரியாமல் தலையாட்டினேன்.

"வெள்ளப்பூடைச் சொல்றாங்க" என்றார் கடைக்காரம்மா. பிறகு இருவருக்கும் மிளகு எவ்வளவு என்பதில் பேச்சு வளர்ந்தது. நான் குறுக்கே போகவில்லை. என் மகளுக்காக யாரோ இருவர் அவ்வளவு அக்கறையாகப் பேசுவதைக் கேட்கவே நன்றாக இருந்தது.

அரைக்கும் மில்லுக்கு யாழ்ப்பாணத்து அம்மாவே கூட்டிப் போனார். சிலுவை வைத்த வேதக்கோயில் மதிலை ஒட்டிப் போய், பள்ளிவாசலுக்குப் பின்னால் திரும்பும் குறுகலான ஒழுங்கை. மில்காரர் சிங்களவர், வயதானவர். பிள்ளை பெற்றவளுக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். உடனே மெஷினை நிறுத்தினார். சற்றுமுன் மிளகாய் அரைத்திருந்தாராம். கைப்பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டு, காரத்தைத் துடைத்தெடுத்த பிறகுதான் என் சரக்கை வாங்கினார்.

"கேகாலையா? பேச்சிலேயே தெரியுது" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். யாழ்ப்பாணத்து அம்மா என் சிங்களத்தை வியந்து பார்த்தார்.

குழம்பு எங்கள் வீட்டு ருசியில் வரவில்லை. சீரகம் தூக்கலாக இருந்தது. மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

அதற்குப் பிறகு தீப்பெட்டி வாங்கப் போனாலும் ஒவ்வொரு முறையும் வேறொரு ஒழுங்கை வழியாகத்தான் திரும்பினேன். "எங்கம்மா இவ்வளவு நேரம்?" என்பாள் மகள். சும்மா ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பேன்.