பெத்லகேமில் பட்டுப்பாவாடை

எங்கள் சனத்துக்கு எந்த வேடமும் பொருந்தும், ஏழை வேடத்தைத் தவிர. சிட்னிக்கு வந்து இருபது வருடம் கழித்து, நானே எழுதிய ஒரு நாடகத்தால்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

குவேக்கர்ஸ் ஹில் பக்கம் எங்கள் தமிழ்ச் சபையின் நத்தார் விழா, அதாவது கிறிஸ்துமஸ். தொழுவமும் மூன்று ராசாக்களும் அலுத்துவிட்டன, புதிதாக ஏதாவது எழுதுங்கள் என்று விழாத் தலைவி கேட்டார். எனக்கும் பெரிய எழுத்தாளர் என்ற நினைப்பு. பழைய பெத்லகேமின் திக்கற்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினேன். அந்தக் காலத்துச் சட்டப்படி வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். சிந்திய கதிரை ஏழைகளும் அந்நியர்களும் பொறுக்கிக்கொள்ளலாம். பஞ்சம் பிழைக்க வந்த ஒரு சிறுமி அப்படிப் பொறுக்குகிறாள், மேற்பார்வைக்காரன் விரட்டுகிறான், வயல்காரர் இரங்கி மடி நிறையக் கதிர் கொடுக்கிறார். கூடவே பொறுக்குகிற ஏழைப் பிள்ளைகள் பதினாலு பேர்.

வசனம் அதிகமுள்ள அந்தச் சிறுமியின் பாத்திரத்துக்கு அடிபிடி நடக்கும் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.

"பிள்ளையைப் பிச்சைக்காரியா மேடையில ஏத்தினா சனம் என்ன சொல்லும்?" என்றார் ஒரு டொக்டரின் மனைவி. கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதற்கு மட்டும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்.

தலைவிதான் வழி கண்டுபிடித்தார். "அந்தப் போட்டில வந்த பிள்ளை இருக்கெல்லே, அவவுக்குக் குடுப்பம். நல்லாப் பொருந்தும்."

ஏன் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கைக்குழந்தையாகப் படகில் வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் தாயோடு அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்த பிள்ளை அவள். இப்போது ஒன்பது வயது. தாய்க்கு ஒரு சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு அயர்ன் போடும் வேலை; விசா இன்னும் தற்காலிகம்தான். மகள் நாலே நாளில் தன் வசனத்தையும் மற்றவர்களின் வசனத்தையும் சேர்த்துப் பாடமாக்கிவிட்டாள். ஒத்திகையில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்ரி, மேடைக்கு எனக்கும் பட்டுத்தானே?"

"ஓம், ஓம்" என்றேன், வேறெங்கோ பார்த்தபடி.

மேடை ஏறுவதென்றால் பட்டு. இது எங்கள் எழுதாத சட்டம். விழாவன்று பெத்லகேமின் ஏழைகள் பதினாலு பேரும் காஞ்சிபுரப் பட்டில் வந்திறங்கினார்கள். கழுத்தில் சங்கிலி, காதில் ஜிமிக்கி. ஒருத்தியின் இடுப்பில் ஒட்டியாணம் வேறு. கதிர் பொறுக்கக் குனிந்தால் அது குத்துமாம், அதனால் நின்றபடியே பொறுக்குவாள் என்று தாய் அறிவித்தார். மேக்கப் பெட்டியோடு வந்த அந்தத் தாய்மாரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அந்தப் பிள்ளையும் பட்டில் வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு பட்டுச் சேலையை வெட்டித் தாய் தைத்த மாம்பழ மஞ்சள் பாவாடை. ஒருதரம் சுற்றிக் காட்டினாள்.

தலைவி ஓடிவந்தார். "ஐயோ, இவ கதிர் பொறுக்கிற பிள்ளையெல்லே! பட்டு உடுத்தினா கதை விளங்குமே?" கையில் ஒரு சணல் சாக்கு, கழுத்துக்கு ஓட்டை வெட்டித் தயாராக இருந்தது. பட்டுடுத்திய பதினாலு ஏழைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எழுதினவ நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கோ" என்று என்னைப் பார்த்தார்.

பிள்ளையும் என்னைத்தான் பார்த்தாள்.

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பார்கள். "ஓம், சாக்குத்தான் பொருத்தம்" என்றேன். அத்தனை பேரையும் நக்கலடிக்க வாயிருந்த எனக்கு, அந்த ஒரு நேரத்தில் முதுகெலும்பு இருக்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தாய் பாவாடையின் கொக்கிகளைக் கழற்றினார்.

சிட்னியின் டிசம்பர் கோடை வெக்கையில் சாக்கைச் சொறிந்துகொண்டே அவள் நடித்தாள். ஒரு வசனம் பிசகவில்லை. வயல்காரர் அவள் மடியில் கதிரைப் போட்டபோது சபையே மூக்கை உறிஞ்சியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏழைப் பிள்ளைகளின் வலியை எழுத எனக்கு நிகர் இல்லையாம்.

பிறகு குழுப்படம். பிள்ளை அவசரமாகச் சாக்கைக் கழற்றிப் பட்டுப்பாவாடையை உடுத்திக்கொண்டு ஓடிவந்து முன்வரிசையில் நின்றாள்.

"படத்துக்குச் சாக்கைப் போடுங்கோ பிள்ளை" என்றார் தலைவி.

தாய் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"அக்கா, நாடகம் முடிஞ்சுது" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தப் படம் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. பதினாலு பட்டுப்பாவாடைகள், நடுவில் பொன்னாடையோடு நான். கதிர் பொறுக்கியவள் மட்டும் அதில் இல்லை.