டின்காவுக்குப் பதிலாக ஒரு பெயர்

டின்காவைப் பற்றி யார் பேசினாலும் ‘நல்ல உழைப்பாளி’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டிமாட்டைப் பற்றியும்தான் அப்படிச் சொல்லலாம். நான் அவளோடு ஒரே கப்பலில் வந்தவள், எதிர்த் தோட்டத்துக்காரி, அவள் மகன் விங்கோவுக்கு ஞானத்தாய். அவள் எவ்வளவு உழைத்தாள் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, தனக்கென்று அவள் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று என்பதும் தெரியும்.

நாங்கள் இருவரும் பிராச் என்ற ஐரோப்பியத் தீவில் பிறந்தவர்கள். எங்கள் ஊர் ஆண்கள் நியூசிலாந்துக்குப் போய்விட்டால் கல்யாணத்துக்கென்று திரும்பி வரமாட்டார்கள். போட்டோ வரும், பெண் வீட்டில் சம்மதம் சொல்வார்கள், மாதா கோயிலில் மாப்பிள்ளைக்குப் பதிலாக அவர் வீட்டு ஆண் ஒருவர் நின்று மோதிரம் போடுவார். டின்காவின் மாப்பிள்ளை குஸ்மா அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்குப் பதிலாக அவர் தம்பி ரோக்கோ நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். அவன் கை நடுங்கி மோதிரம் இரண்டு தடவை கீழே விழுந்தது. கோயிலே சிரித்தது. டின்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஆக்லாந்து துறைமுகத்தில் குஸ்மா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டிய பெண்டாட்டியை முதன்முதலாகப் பார்க்கிற மனிதர் என்ன கேட்டார் தெரியுமா? கப்பலில் வாந்தி எடுத்தாயா என்று கேட்டார். எடுத்தேன் என்றாள். அவ்வளவுதான் அவர்கள் காதல் பேச்சு.

ஹெண்டர்சன் பக்கம் அப்போது திராட்சையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் புதர்க்காடு. குஸ்மா அதற்கு முன்பு வடக்கே சதுப்பு நிலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மண்ணில் புதைந்துபோன பழங்காலத்து மரங்களின் பிசினைத் தோண்டி விற்றவர். அந்தச் சம்பாத்தியத்தில் இந்த மண்ணை வாங்கியிருந்தார். இருவரும் புதரை வெட்டினார்கள், கொளுத்தினார்கள், வேரைப் பிடுங்கினார்கள், திராட்சை நட்டார்கள். தகரக் கொட்டகையில் குடியிருந்துகொண்டு ஒயின் பீப்பாய்களுக்குச் செங்கல்லில் அறை கட்டினார்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். ஒயினுக்கு முதலில் கூரை, மனுஷனுக்கு அப்புறம்.

ஏனென்றால் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடுவோம். குஸ்மா வருஷா வருஷம் இதையே சொன்னார். நல்ல கட்டில் வேண்டாம், திரும்பிவிடுவோம். வாசலில் அத்திமரம் வேண்டாம், அது காய்க்கும்போது இங்கே யார் இருக்கப்போகிறோம்? திராட்சைக் கொடிகள் பாட்டுக்கு வேர்விட்டுக்கொண்டிருந்தன, மனிதர் மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்த மாதிரியே இருந்தார். வெயில் காலம் முழுக்கக் கொடிகளுக்கு நோய் வராமல் மயில்துத்தக் கரைசல் தெளித்துத் தெளித்து டின்காவின் விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன. அந்த விரல்களோடு கடைக்குப் போனால் இங்கிலீஷ்காரிகள் ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் ஒயினைக் கழுநீர் என்று சொன்னவர்கள் அவர்கள். இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகள் காரில் வந்து, கோப்பையை மூக்குக்கு நேரே சுழற்றி, என்னென்னவோ பழத்தின் வாசம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். எங்கள் இடுப்பு ஒடிந்த வாசம் அவர்களுக்கு வராது.

டின்காவின் முதல் குழந்தை நெவென்கா. நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். அதுவும் அறுவடைக்கு நடுவில். காலையில் புதைத்தோம். மறுநாள் டின்கா கூடையோடு தோட்டத்தில் நின்றாள். நான் சாலையைக் கடந்து ஓடிப்போய்க் கூடையைப் பிடுங்கினேன்.

“விடுடி மேனா. பழம் காத்துக்கிட்டா இருக்கும்?” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. களைத்துப்போனவர்களுக்கு அதற்கும் நேரம் வேண்டியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் நெவென்காவின் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, அந்த இடத்தைத் தனக்கு வாங்கி வைக்கும்படி குஸ்மாவிடம் கேட்டாள். அவள் கேட்ட அந்த ஒன்று இதுதான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாகிறதுக்கா இங்கே வந்தோம், ஊரில் குடும்பக் கல்லறை இருக்கிறது என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு ரோஸ்மேரிக் கிளையைக் கொண்டுபோய் அந்தக் காலியிடத்தில் ஊன்றிவிட்டு வந்தாள். அது புதராகி, அங்கே வேறு யாரும் குழி தோண்டாமல் பார்த்துக்கொண்டது.

விங்கோ வளர்ந்தான், தோட்டம் பெரிதாயிற்று, எங்கள் ஆட்கள் சேர்ந்து மன்றக் கட்டடம் கட்டினார்கள். அதன் சமையல்கட்டில் டின்கா உரித்த வெங்காயத்தைக் கொட்டினால் ஒரு சாலையே மூடிப்போகும். குஸ்மா தலை நரைத்த பிறகு ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனார், தனியாக. அறுவடை நேரம், இருவருமே போய்விட்டால் எப்படி? யார் இருந்தது என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்த ஞாயிறு எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டுக்கறி முடிந்து, ஒயினில் தண்ணீர் கலந்து குடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். குடும்பக் கல்லறையை எங்கள் தீவின் வெள்ளைக் கல்லில் புதிதாகக் கட்டியிருந்தார். மேலே அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர். கீழே குஸ்மா, பிறந்த வருஷம், ஒரு கோடு. அதற்கும் கீழே டின்கா, பிறந்த வருஷம், ஒரு கோடு. எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும்போதே பெயரை வெட்டி வைப்பது வழக்கம். சாகிற வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் கல் அருமை, எழுத்து அருமை என்றார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

போட்டோ கடைசியாக டின்காவிடம் வந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“நெவென்கா பேரு எங்க?”

“அவ இங்கதானே இருக்கா” என்றார் குஸ்மா.

“ஆமா” என்றாள் டின்கா. எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் அந்த வீட்டில் கல்லறைப் பேச்சே இல்லை. போட்டோ மட்டும் அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. அதைத் துடைக்கிற வேலையும் அவளுடையதுதான். ஒருநாள் என்னிடம், அந்தக் குழிக்குள்ளே மாமியாருக்குப் பக்கத்தில்தான் இடம் போட்டிருக்கிறாரடி என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிள்ளை நாலு வயதிலிருந்து தனியாகக் கிடக்கிறதடி என்றாள்.

குஸ்மா படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் நான் தினமும் சூப் எடுத்துப் போவேன். நெஞ்சில் சளி கட்டி, பேசினால் இரைக்கும். என்னை ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று விங்கோவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அன்று மத்தியானம் நான் கிண்ணத்தோடு நுழைந்தபோது டின்கா அவர் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அலமாரிக் கண்ணாடியில் இருந்த அந்தப் போட்டோ மேலேயே இருந்தது.

“உன் காலம் வந்ததும் நீயும் அங்க வந்துடுவேல்ல?”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நாற்பது வருஷமாக எதற்கும் சரி என்று சொன்ன வாய். இதற்கும் சரி என்றுவிடுவாள், பிள்ளை அங்கே தனியாகவே கிடக்கும் என்று நினைத்தேன்.

“நம்ம கல்யாணத்துக்கு நீங்க வரலையே” என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ரோக்கோ வந்து நின்னாரு. அதனால நான் உங்க பொண்டாட்டி இல்லேன்னு ஆயிட்டேனா? கல்லுல என் பேரு இருக்கு. அது நிக்கட்டும், எனக்குப் பதிலா. நான் பிள்ளைகிட்டப் படுத்துக்கறேன். ரொம்பக் களைச்சுப் போச்சு எனக்கு. இன்னொரு தடவை கப்பலேற முடியாது.”

குரலை உயர்த்தவே இல்லை. குஸ்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூச்சு மட்டும் இரைந்தது. கோபித்துக்கொண்டாரோ, இந்த நேரத்தில் இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டின்கா மறுபடி ஊசியை எடுத்தாள்.

“ரோக்கோ நல்லா நின்னானா அன்னிக்கு?” என்றார் சுவரைப் பார்த்தபடியே.

“நின்னாரு. கைதான் நடுங்குச்சு.”

முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் அலமாரிப் போட்டோ பக்கம் நீட்டினார்.

“இது நடுங்காது. நல்ல கல்லு. நானே பார்த்து எடுத்தது” என்றார்.

டின்கா அப்போதுதான் அழுதாள். நெவென்காவுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் சூப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே குஸ்மா போய்விட்டார். விங்கோ சவப்பெட்டியோடு ஊருக்குப் போய் அவரை அந்த வெள்ளைக் கல்லுக்குள் வைத்துவிட்டு வந்தான். அந்த வசந்தத்தில் டின்கா வாசலில் அத்திமரம் நட்டாள், பன்னிரண்டு வருஷம் அதன் பழத்தைத் தின்றாள். பிறகு ரோஸ்மேரிப் புதரைப் பெயர்த்துவிட்டு அவளைப் பிள்ளையின் பக்கத்தில் படுக்க வைத்தோம். போன கோடையில் நான் தீவுக்குப் போயிருந்தேன். குஸ்மாவின் கோட்டுக்கு அந்தப் பக்கம் வருஷம் வெட்டியிருக்கிறார்கள். டின்காவின் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அங்கே கல்லறையைக் கூட்டுகிற பெண், இந்த அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, அவள் பிள்ளையோடு இருக்கிறாள் என்றேன்.