சம்பந்திகளுக்காக ஒரு ஹாம்

என் கணவருக்கு அதுவரை சமைக்கத் தெரிந்தது பாக்கெட் மீ நூடுல்ஸ் மட்டும்தான். அதிலும் முட்டையை எப்போது உடைத்து ஊற்றுவது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவர் போன டிசம்பரில் ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுல ஹாம் செய்யப் போறேன்லா" என்றார்.

நாங்கள் இந்துக்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்பது எனக்குப் பல் கிளினிக்கில் லீவு, அவருக்கு டயர் கடையில் லீவு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் மகளைக் கோப்பெங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு மகளின் மாமியார் ஒரு முழுப் பன்றித்தொடை ஹாமை வாங்கி, மேலே இனிப்புப் பாகு பூசி, பளபளவென்று சுட்டு வைப்பார். அந்த வருடம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். நிற்கவே முடியாது.

அன்றுதான் மகள் கோப்பெங்கிலிருந்து போன் பண்ணியிருந்தாள். "இந்த வருசம் ஹாம் இல்லம்மா. அத்தை மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காங்க. கடையில செஞ்சத வாங்கிக்கலாம்னு மாமா சொன்னாரு. அதுக்கும் திட்டு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாளிதழுக்குப் பின்னால் இருந்தவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"தீவாளிக்கு சம்பந்தி நம்ம வீட்டு ரசத்தக் கையேந்திக் குடிச்சாருலா. வேர்த்து ஊத்துச்சு, ஆனா நிறுத்தல. அவங்கள இங்க கூப்பிட்டு நாம ஒரு ஹாம் செஞ்சு குடுக்கக்கூடாதா?"

மகள் கல்யாணத்தின்போது என் கணவர் சம்பந்தியோடு ஒரு வார்த்தை பேசாமல், மண்டபத்துத் தூணோடு தூணாக நின்றவர். அந்த ரசத்துக்குப் பிறகுதான் இளகினார். ஆகவே சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: என் அடுப்படிக்குள் அது வரக்கூடாது.

நான் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். காட்டுப்பன்றி கிடைத்தால் என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மூன்று கல் வைத்துத்தான் வறுப்பார்கள். அந்தச் சட்டி வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுகிற என் அம்மா, பன்றியை மட்டும் தொடமாட்டார். நானும் அப்படித்தான். ஏன் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. என் கணவர் வெளியில் சாப்பிடுவார். எங்கே என்று அவரிடமும் நான் கேட்டதில்லை.

"சரி, கார் போர்ச்சுல வச்சு செஞ்சுக்கிறேன்" என்றார்.

பேரங்காடியில் ஹலால் இல்லாத பொருட்களுக்குத் தனி மூலை, தனிக் கவுண்டர். நான் வெளியே தள்ளுவண்டியோடு நின்றேன். கொள்ளையடித்தவர் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். கையில் ஒரு குழந்தையைத் தூக்கி வருவது போல ஹாம். "எலும்போட இருக்கு. எலும்போட இருந்தாத்தான் ருசியாம்" என்றார். வீடியோ பார்த்துப் பார்த்து அந்த வாரம் முழுக்க அவர் பேச்சே மாறிவிட்டிருந்தது. வீட்டு ஐஸ் பெட்டியிலும் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப் போகும் பெட்டியில் ஐஸ் கொட்டி, ஹாமைப் படுக்க வைத்து, போர்ச்சிலேயே வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை முதல் வேலை, ஓவனைக் காலி செய்வது. மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்தது. நான் அதை அலமாரியாகத்தான் வைத்திருந்தேன். முறுக்குக் குழல், தோசைக்கல், தீபாவளி பிஸ்கட் டின்கள், மூடி மட்டும் இருந்த ஒரு குக்கரின் மூடி எல்லாம் வெளியே வந்தன. ஓவனைத் தூக்கிக்கொண்டு போய் போர்ச்சில் ஒரு மேசைமேல் வைத்து, வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்தார்.

அப்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், துணி காயப்போட வெளியே வந்தார். சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"ஓவன் ரோசாக் கா?" என்று கேட்டார், கெட்டுப்போய்விட்டதா என்று.

பன்றிக்கறி சுடப்போகிறேன் என்று காலங்கார்த்தாலே அவரிடம் எப்படிச் சொல்வது? என் கணவர் கையில் கிடைத்த துணியை எடுத்து ஓவனைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "தாக் ரோசாக், மக்சிக். சூச்சி, சூச்சி" என்றார். கெடவில்லையாம், சும்மா சுத்தம் செய்கிறாராம்.

மக்சிக்குக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருடத்தில் இவர் ஒரு டம்ளரைக் கழுவிக்கூட அவர் பார்த்ததில்லை. தன் மகனுக்கு மின்சாரச் சாமான் எல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியும், அனுப்பி வைக்கட்டுமா என்று அன்பாகக் கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று இவர் இரண்டு கையையும் ஆட்டினார். மக்சிக் உள்ளே போகும்வரை துடைத்தார். அந்த ஓவன் வாங்கிய நாளில்கூட அப்படிப் பளபளத்ததில்லை.

பிறகு எனக்கு எதிரே வந்து நின்று, "அந்தம்மா துணி காயுற பக்கம் வாசம் போனா நல்லா இருக்காதுலா" என்றார். அது நியாயம்தான். மேசையோடு ஓவனைப் போர்ச்சின் மறு ஓரத்துக்கு நகர்த்தினார். அந்த ஓரத்தில்தான் கூரை ஒழுகும். அதை அடைக்கச் சொல்லி நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதை அன்று ஞாபகப்படுத்தவில்லை. பொறுமையாக இருந்தேன்.

அடுத்த சிக்கல், ஹாம் ஓவனுக்குள் போகவில்லை. எலும்பு நுனி கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எப்படித் திருப்பிப் போட்டாலும் நீட்டியது. கடைசியில் இரும்பு அறுக்கும் ரம்பத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, எலும்பின் நுனியை அறுத்தார். முகத்தில் ஒரு டாக்டருடைய கவனம். அதன் பிறகு தோலை உரித்துவிட்டு, வெள்ளைக் கொழுப்பின்மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பைக் குத்தினார். உண்மையைச் சொல்லவேண்டும், அழகாக இருந்தது. பார்க்கப் புது டயர் மாதிரி இருந்தது. அதை நான் சொன்னபோது பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஹாம் ஏற்கெனவே வேகவைத்துப் புகை போட்டுத்தான் விற்கிறார்கள். நன்றாகச் சூடேற்றி, பாகு பூசிச் சிவக்க வைப்பதுதான் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் ஈப்போ மழை வந்தது. எங்கள் ஊரில் டிசம்பர் மத்தியான மழைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது. மலைப்பக்கம் கறுத்தது தெரிவதற்குள் தலையில் விழும்.

நான் சம்பந்திகளுக்காகக் கோழிப் பிரட்டலைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் வாசலில் எட்டிப் பார்த்தால், இவர் ஓவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹாமுக்கு ஒரு சொட்டு இல்லை. இவர் தலையிலிருந்து கால் வரை தொப்பலாக நனைந்து, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, ஈரத்தில் கிடக்கும் வயரைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே பயம் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, "தூக்கிட்டு வாங்க உள்ள" என்றேன்.

"அடுப்படிக்கா?"

"பின்ன, படுக்கையறைக்கா?"

அவர் அசையவில்லை. "வேணாம்லா. நீதான் சொன்னியே. மழை விட்டதும் பாத்துக்கலாம்."

"மழை விடுறதுக்குள்ள சம்பந்தி வந்துருவாங்க. கரண்டு அடிச்சு நீங்க கீழ கெடந்தா நான் யாரக் கவனிக்கிறது? வாங்கங்க."

சாமி மாடத்துக்கு ஒரு சின்னத் திரை உண்டு. அதை இழுத்துவிட்டேன். சம்பந்தி வர்றாங்க, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோப்பா என்று முருகனிடம் சொன்னேன். மனசு உறுத்தும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஈரத் தலையைப் பார்த்த பிறகு உறுத்த இடமில்லை. ஹாம் என் அடுப்படிக்குள் வந்தது. அவர் அதை ஓவனோடு வைத்துவிட்டு, தப்புச் செய்த பிள்ளை போலச் சுவரோரமாக நின்றார். போய்த் தலையைத் துவட்டுங்கள் என்று விரட்டினேன்.

திரும்பி வந்து பாகு காய்ச்ச ஆரம்பித்தார். தேனும் சீனியும் வாணலியில் போட்டு, தீயை முழுசாகத் திருப்பிவிட்டு, வீடியோவில் அடுத்து என்ன என்று பார்க்கப் போனார். திரும்புவதற்குள் அது கறுத்து, கல்லாகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. கரண்டியைத் தூக்கினால் வாணலியும் சேர்ந்து வந்தது. போதாக்குறைக்கு இன்னொரு கையில் கடுகு டப்பா.

"கடுகு எதுக்கு?"

"இதுல கடுகு போடணுமாம். தாளிச்சுக் கொட்டிரவா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நகருங்க" என்றேன்.

எத்தனை தீபாவளிக்கு அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியிருக்கிறேன். குலா மலாக்காவை, அதாவது எங்கள் ஊர்த் தென்னை வெல்லத்தை, உடைத்துப் போட்டு, அன்னாசிச் சாறு ஊற்றி, சிறு தீயில் கரையவிட்டேன். கடுகை ஊறவைத்து விழுதாக அரைத்துக் கலந்தேன். அதோடு கொஞ்சம் சுக்குத்தூள். ஏன் என்று கேட்டால், இனிப்பு என்றால் என் கை தானாகச் சுக்கு டப்பாவுக்குப் போகும். இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுக்கும் பதம் வந்ததும் இறக்கினேன். செரை என்கிற எலுமிச்சைப்புல் தண்டின் நுனியை நசுக்கி, குச்சியில் கறி சுடும் சத்தே கடைக்காரர்கள் செய்வது போல அதையே பிரஷ்ஷாக வைத்துக்கொண்டு, கறியில் கை படாமல் பூசினேன். ஓவனுக்குள் வைத்து, எடுத்து, மறுபடி பூசினேன். குலா மலாக்கா கிராம்போடு சேர்ந்து சிவந்து, மினுமினுவென்று வந்தது. வாசனை வீடு முழுக்கப் பரவியது. நன்றாகத்தான் இருந்தது அந்த வாசனை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"நான் செஞ்ச மாதிரியே வந்திருக்கு" என்றார்.

மழை விட்டு, விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். சம்பந்தியம்மாள் தடியூன்றி, மருமகன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடிக்க, மெதுவாகப் படியேறினார். சம்பந்தி நல்ல பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டிருந்தார். மேசையில் என் பிரட்டல், நெய்ச்சோறு, சம்பந்திக்காக மறக்காமல் வைத்த ரசம் எல்லாவற்றுக்கும் நடுவே ஹாம் உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் அதைப் பார்த்ததும் நடையை நிறுத்திவிட்டார்.

"ஐயோ" என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்கு நன்றாக வரும்.

என் கணவர்தான் வெட்டினார். விறகு பிளந்த மாதிரி துண்டுகள். சம்பந்தியம்மாள் ஒரு வாய் வைத்து மென்றார். ரொம்ப நேரம் மென்றார். என் கணவர் மூச்சே விடவில்லை.

"இனி குலா மலாக்கா?" என்று கேட்டார், இது அந்த வெல்லமா என்று. தலையை ஆட்டி, "செடாப்" என்றார், ருசி என்று. இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

அவ்வளவுதான், இவருக்கு வாய் திறந்துகொண்டது. எலும்பை அறுத்தது, கட்டம் போட்டது, கிராம்பு குத்தியது என்று மலாயில் ஒரு பிரசங்கம். பாகு வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுக்கியது. "பாகு... அது செனாங்லா" என்றார், சுலபம் என்று.

மகள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "பாகு எந்தப் பதம்ப்பா?" என்று கேட்டாள்.

"நல்ல பதம்" என்றார்.

நான் ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வந்தபோது சம்பந்தியம்மாள் பேசிக்கொண்டிருந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான்: கல்யாணமான நாளிலிருந்து எல்லா கிறிஸ்துமஸுக்கும் அவர் நின்றுகொண்டே ஹாம் வெட்டுவார். எல்லோருக்கும் போட்டுவிட்டு உட்காரும்போது அவர் பங்கு ஆறிப்போயிருக்கும். ஹாமைச் சூடாகச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. அது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே தெரியாதாம்.

சம்பந்தி தன் தட்டையே பார்த்தார். மருமகன் எழுந்து போய் அம்மாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

கிளம்பும்போது எலும்புக்காக ஒரு சின்ன யுத்தம். என் கணவர் அதை வைத்து சூப் போடுவதாகச் சொன்னார், அதற்கும் வீடியோ இருக்கிறதாம். சம்பந்தியம்மாள் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "தாபாவ்" என்று மட்டும் சொன்னார், கட்டிக் கொடு என்று. மகள் எலும்பைப் பொட்டலம் கட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மருமகன் காரில் வந்து இரண்டு டப்பாக்களை இறக்கினான். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எலும்பை ஊறப்போட்டு, விடியற்காலையில் சொல்பேச்சுக் கேட்காமல் எழுந்து நின்று அவன் அம்மா கஞ்சி காய்ச்சினாராம். ஆபரேஷன் செய்த முட்டியோடு அடுப்படியில் நின்றதற்கு வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கினாராம். பெரிய டப்பா என் கணவருக்கு, ஹாம் எலும்புக் கஞ்சி. சிறியதைத் தனியாக என் கையில் கொடுத்தான்.

"இது உங்களுக்கு. வேற சட்டி, வேற கரண்டி. கோழி மட்டும்தான். அம்மா சொல்லச் சொன்னாங்க."

நான் ஹாமைத் தொடவில்லை என்பதை முந்தின இரவு யாரும் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. பரிமாறிக்கொண்டே இருந்தேன், சம்பந்தியம்மாள் என் பக்கம் பார்த்ததுகூட ஞாபகமில்லை.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தோம். என் கஞ்சியில் இஞ்சி மெல்லிசாக நறுக்கிப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவியிருந்தது. அவர் தன் டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னுடையதை எட்டிப் பார்த்தார்.

"உன்னுதுல இஞ்சி ஜாஸ்தி போட்டிருக்காங்கலா."

"உங்களுக்குத்தான் அண்டா நிறைய இருக்கே."

"சும்மா ஒரு வாய்."

கொடுத்தேன். பாதி டப்பா போய்விட்டது.