மீனுக்கு ஒரு லிஃப்ட், எனக்கு ஒரு லிஃப்ட்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். இதைத் திருத்தி அச்சடிக்கிறவர் புண்ணியம் கட்டிக்கொள்ளட்டும். கையெழுத்து புரியவில்லை என்று நன்றாகப் படித்த ஒருவர் ஏற்கெனவே என்னிடம் திருப்பிக் கொடுத்த விஷயம்தான் இது.

பட்டினப்பாக்கம் பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கில் என்னோடு குடியிருந்து, இப்போது பெரும்பாக்கம், பாலவாக்கம் என்று சிதறிப்போனவர்களுக்காக எழுதுகிறேன். நானும் உங்களைப் போல ஊர் விட்டு வந்தவன்தான். நீங்கள் பஸ் பிடித்துப் போனீர்கள், நான் ரோட்டைக் கடந்து போனேன். நானூறு அடி தூரம், அதற்குப் பிறகு பதினாலு மாடி உயரம். என் மகள் ஸ்டெல்லா படித்து, வேலைக்குப் போய், கடலைப் பார்த்த டவரில் வீடு வாங்கி, தண்ணீர் கேன் தூக்கி முதுகு போன அப்பனையும் கூட்டி வந்துவிட்டாள். கழுத்தில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதுதான் விசா. சிலர் வந்தால் முகத்தைப் பார்த்தே கேட் திறக்கிறது. என் முகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வந்த முதல் வாரம் லிஃப்டில் ஒரு அம்மாள் எந்த வீடு என்று கேட்டார். பதினாலு சி என்றேன். வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்றார். "போடுதும்மா, மகராசி. மூணு வேளையும் போடுது" என்றேன். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்றார். கோவிலுக்கு அதுவே காரில் கூட்டிப்போகும் என்றேன். அவருக்குக் கண் விரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல இடமா என்று வியந்துவிட்டு, காலையில் இரண்டு மணி நேரம் தன் வீட்டுக்கும் வர முடியுமா என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அது என் மகள் என்று சொல்ல வாய் வந்தது, கூச்சம் விடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிக்கொண்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் கடலுக்காகத்தான் வீடு வாங்கியிருக்கிறார்கள். கடலைப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். அதில் மீன் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் நினைவுபடுத்தக் கூடாது. எதிரே கடற்கரையில் இறங்கும் மீன் எங்கேயோ ஒரு குளிர் அறைக்குப் போய், பெட்டியில் அடைபட்டு, மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறது. அதன் பெயர் ஃப்ரெஷ். அதே மீனை எங்கள் மதிலுக்கு வெளியே, சந்து ஓரத்தில் பலகை போட்டுக் காலையில் துடிக்கத் துடிக்க விற்கிறாள் ரோஸி அக்கா. அதன் பெயர் நியூசென்ஸ். ரோஸி அக்காவை உங்களுக்குத் தெரியும். பழைய பிளாக்கில் கீழ் வீடு. பிளாக்கை இடித்துவிட்டார்கள், அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பலகை போடுகிற இடம் ஒன்றுதான்.

ஒருநாள் அவளிடம் நெத்திலி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். காவலாளி நிறுத்தினார். திறந்த மீன் சர்வீஸ் லிஃப்டில்தான் போகலாமாம். சரி என்று அந்தப் பக்கம் நடந்தேன். அங்கேயும் நிறுத்தினார்கள். சர்வீஸ் லிஃப்டில் வீட்டுக்காரர் போகக் கூடாதாம். நான் ஒரு லிஃப்டில், மீன் ஒரு லிஃப்டில் போக வேண்டும். மீனுக்குப் பட்டன் அமுக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்கிற ஆள் நான் இல்லை. நெத்திலியைக் காவலாளிக்கே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். அதற்குச் சட்டம் இடம் கொடுத்தது.

பழைய பிளாக்கில் லிஃப்டே கிடையாது, ஆனால் எல்லோர் வீட்டிலும் கயிறு இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து நான் பையை இறக்குவேன். ரோஸி அக்கா மீனைப் போட்டுக் கயிற்றை இரண்டு முறை சுண்டுவாள், நான் இழுத்துக்கொள்வேன். பால், கீரை, மாத்திரை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் ஏறி வந்தன. எங்கள் பால்கனி அந்தச் சந்துப் பக்கம்தான் இருக்கிறது. மாடி கூடினால் கயிற்றைக் கூட்டினால் போயிற்று என்று நினைத்தேன். ஐந்து கொடிக்கயிறுகளை முடிந்து, சனிக்கிழமையே அக்காவிடம் சொல்லி வைத்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னா நைனா, சொர்க்கத்துலர்ந்து கயிறு வுடறியா? நானே புட்சிக்கினு ஏறி வந்துடப் போறேன், பாத்துக்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சப்பையை இறக்கினேன். அவள் குடைப்பிடியால் மதிலுக்கு மேலே பையை இழுத்து, மீனைப் போட்டுச் சுண்டினாள். ஏழாம் மாடி வரை எல்லாம் சரியாக வந்தது. பழைய பிளாக்கில் அடித்தது காற்று. இங்கே மேலே அடிப்பது வேறு ஏதோ. பை ஒரு சுற்றுச் சுற்றி ஒன்பதாம் மாடி பால்கனிக்குள் போய்க் கவிழ்ந்தது. அங்கே ஒருவர் பாய் விரித்து, கண்ணை மூடிச் சவாசனத்தில் படுத்திருந்தார். அரைக் கிலோ நெத்திலி.

அன்று மதியத்துக்குள் டவரில் எல்லோர் போனிலும் என் பை இருந்தது. மாலையில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, அவர் கூப்பிட்டார். "உங்க மேல தப்பே இல்ல சார். அந்தப் பொம்பள கூவிக் கூப்பிட்டு தொந்தரவு பண்ணிச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்." ரோஸி அக்காவின் பலகையை எடுக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு தயாராக இருக்கிறதாம், குடியிருப்பவர் ஒருவரின் வாக்குமூலம்தான் பாக்கியாம். நான் தலையை ஆட்டினேன். கூச்சப்படுகிறவன் தலை தானாக ஆடும். அவர் போன பிறகு ஸ்டெல்லா கதவைத் தாழ் போட்டாள். பிறகு, "நான் தெனம் இவங்க மூஞ்சில முழிக்கணும்பா. பாத்து எழுது" என்றாள். எதைப் பார்த்து என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு நாள் ஆயிற்று. எழுதினேன்: "கயிறு என்னுடையது. பை என்னுடையது. கூப்பிட்டது நான். ரோஸி அக்கா கூவவில்லை. மீன் நன்றாக இருந்தது. ஒன்பதாம் மாடிக்காரர் என்னை மன்னிக்க வேண்டும். இப்படிக்கு, பதினாலு சி, ஸ்டெல்லாவின் அப்பா." செயலாளர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கையெழுத்து புரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை சார் போடவில்லை.

எதிர்த்துப் பேச எனக்கு வராது. ஒட்ட வரும். இன்னும் இரண்டு பிரதி எழுதி, இரண்டு லிஃப்டிலும் சட்டதிட்டப் பலகைக்குக் கீழே ஒட்டினேன். வீட்டுக்காரர்கள் லிஃப்டில் மூன்று நாள் அதை யாரும் சீண்டவில்லை, தமிழில் இருந்ததால் மருந்து விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள். சர்வீஸ் லிஃப்டில் முதல் நாளே சமையல்கார அம்மாக்கள் படித்துவிட்டார்கள். அவர்களுக்கு என் கையெழுத்து நன்றாகவே புரிந்தது. ஒவ்வொரு சமையலறையிலும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். லிஃப்டில் சந்தித்த அந்த அம்மாளுக்கும் நான் யாருடைய அப்பா என்று அப்படித்தான் தெரிந்ததாம். இப்போது என்னைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். ஸ்டெல்லா அந்தத் தாளை ஒருநாள் நின்று படித்தாள். கழன்றிருந்த ஒரு மூலையை நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தாள்.

மனு இன்னும் போகவில்லை. நாளைக்கே போகலாம். மீன் பலகை இன்று வரை இருக்கிறது. காலையில் பால்கனியில் நின்றால் ரோஸி அக்கா நிமிர்ந்து பார்த்துக் கையாட்டுகிறாள். கீழேயிருந்து எல்லாப் பால்கனியும் ஒன்றுபோல இருக்கும். அவள் கையாட்டுவது பன்னிரண்டாம் மாடியைப் பார்த்து. அங்கே ஆளே இல்லை, வீடு விற்காமல் கிடக்கிறது. நான் பதினாலிலிருந்து பதிலுக்குக் கையாட்டுகிறேன்.

எழுதி முடித்தது: பெசன்ட் நகர் மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் மாதம்.