மீசையைக் கேட்ட காளான்

சலூன்காரருக்குச் சொத்து இரண்டு: இருபது வருட மீசை, ஒரு பழைய மைக்ராஸ்கோப். கடை விடுமுறையானால் தம்பியைக் கூட்டிக்கொண்டு காளான் தேடக் கிளம்பிவிடுவார். தம்பி பஸ் டிரைவர். அண்ணனை மிஞ்சத்தான் வளர்த்தாரோ என்னவோ, அவருக்கும் ஒரு முரட்டு மீசை.

அன்றைக்கு மக்கிய கட்டை ஒன்றில் ஊதாநிறத்தில், கூழ் உறைந்த மாதிரி குட்டிக் கிண்ணங்கள் முளைத்திருந்தன. இந்தக் கிண்ணக் காளானில் இரண்டு வகை உண்டு. ஒன்றை அக்கா என்பார் அண்ணன், மற்றதைத் தங்கை. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். அவை உதிர்க்கும் தூள் போன்ற வித்துகளை மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். தங்கையின் வித்து குட்டை, உள்ளே ஒன்றிரண்டு தடுப்பு, மிஞ்சினால் மூன்று. அக்காவின் வித்து நீளம், தடுப்பு ஐந்தாறு தேறும்.

அண்ணன் அக்கா என்றார், தம்பி தங்கை என்று அடித்துப் பேசினார். பேச்சு தடித்தது. தோற்றவர் மீசையை எடுப்பது என்று பந்தயமும் கட்டியாயிற்று.

கடைக்குக் கொண்டுவந்து அண்ணன் ஒரு கிண்ணத்தைப் புது பிளேடால் பூப்போலச் சீவினார். பெரிய கிண்ணங்களை அறுக்க மனசு வராமல் இருப்பதிலேயே சின்னதைத்தான் எடுத்தார். வித்துக்குள் ஒரே தடுப்பு. மூன்று தரம் எண்ணினார், அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே, கண்ணாடி முன் நின்று தானே மழித்துவிட்டார். வீட்டுக்குப் போனால் மனைவி கதவைத் திறந்து, யார் வேண்டும் என்றாள்.

மறுநாள் காலை, கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கிண்ணம் வித்து உதிர்த்திருந்தது. பார்த்தார். நீளமான வித்துகள், ஆறு தடுப்பு! நேற்று அறுத்தது பிஞ்சு, தடுப்பெல்லாம் இன்னும் வளர்ந்திருக்கவில்லை. அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

தம்பியை வரவழைத்துக் காட்டினார். தம்பி வெகுநேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். அண்ணனுக்குக் கத்தி ஓடவில்லை.

"நேத்து நடுங்காமத்தானே எடுத்தே?"

"அது என் மீசைடா. போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்த நாள் கடை திறக்கும்முன்பே தம்பி வாசலில் நின்றார். மேலுதடு வெறுமை, அதில் இரண்டு வெட்டுக்காயம், ஓரத்தில் விட்டுப்போன நாலு முடி.

"என்னடா இது?"

"இது என் மீசைண்ணே. கொஞ்சம் சரி பண்ணிவிடு."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிகாரத்தைத் தேடினார்.