ஜான்சி அப்பாவுக்குக் கொடுத்த படம்

காலை ஷிப்டுக்குப் போன பஸ் ஒரகடத்தில் திரும்பும்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜான்சி போய்விட்டார். மருத்துவமனையில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

எங்களில் பலருக்கு அவர் தரச் சோதனைப் பிரிவு ஜான்சி. லைனில் ஒரு கீறலைக்கூட விடமாட்டார். வீட்டில் அவர் படம் செய்வார் என்பது சிலருக்கே தெரியும். ரப்பர் போன்ற தகட்டில் சிறு உளியால் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கும் அச்சுப்படம். கைபேசியில் பார்த்துப் பழகியது.

முருகனை அவர் மணந்தபோது, மதம் வேறு என்று அவருடைய அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் பேசவில்லை. தம்பி மறைமலை நகரில் புது வீடு கட்டி, ஜெபத்துக்கு வரச்சொன்னபோது ஜான்சி அப்பாவுக்காக ஒரு படம் செதுக்க ஆரம்பித்தார். அதில், நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா கம்பெனிச் சட்டையோடு நாற்காலியில் தூங்குகிறார். காலடியில் அக்காவும் தம்பியும் சத்தமில்லாமல் விளையாடுகிறார்கள்.

“எங்கப்பா முழிச்சிருந்து நாங்க பாத்தது கம்மி. தூங்கறப்பதான் நல்லாப் பாத்திருக்கோம்” என்றார் என்னிடம்.

அவசரத்தில், மை காயுமுன்பே அதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். பிரித்தபோது அப்பாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. கேன்டீனில் எனக்கு அதைக் காட்டினார். புதிதாக ஒன்று எடுத்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர் பிரேம் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “காரியம் என்னிக்கும்மா?” என்றார்.

“உசுரோட கீறவருக்குத்தான்ணா” என்று சிரித்தார் ஜான்சி.

வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் ரெடிமேட் பிரேமில் அடங்கும் என்றார் கடைக்காரர்.

“வெட்டாதீங்கண்ணா. அவரு நிம்மதியாத் தூங்க இடம் வேணும்.”

கண்ணாடி மையில் படாமலிருக்க இடையில் அட்டை கொடுத்து, பின்பக்கம் டேப் ஒட்டிக் கடைக்காரர் முடிக்கும்வரை ஜான்சி உட்காராமல் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபத்தன்று நானும் கூடப் போயிருந்தேன். முருகன் வாசலிலேயே வண்டியருகே நின்றுவிட்டார். உள்ளே அப்பா காகிதத்தைப் பிரித்தார். நெடுநேரம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்:

“இதுல உன் வூட்டுக்காரரு எங்க?”

“அவரு அப்ப இல்லியேப்பா.”

“இப்ப எங்க?”

“வெளிய நிக்கிறாரு.”

“வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறாரு? கூப்புடு.”

ஜான்சி ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அப்பாவும் முருகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் கை முருகனின் முழங்கால்மேல் இருந்தது.

ஜான்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, என்ன பதில் வரும் என்று தெரியாமலே கிளம்பிப் போகும் அந்தத் துணிவை. போன ஞாயிறு, பல வருஷமாகப் பேச்சில்லாத என் அக்காவைப் பார்க்க வடக்குப்பட்டு போனேன். “இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றாள் அக்கா. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.