வழி சொல்ல ஆளில்லாத கார்

எடைமேடை அக்கா என்றால் தானிய மண்டியில் தெரியாத லாரிக்காரர் கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. லாரிகளை எடைபோடும் மேடைக்கு மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுவாள். “இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க. போதும். இஞ்சினை நிறுத்துங்க.” முப்பது வருஷமாக நாளெல்லாம் இதுதான் பேச்சு. வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு ஓடிப்போய்விட்டது. மிச்சமிருந்தது அப்பா விட்டுப்போன பழைய காரும் ஒரு தம்பியும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை பழைய கார்களுக்கான பந்தயம் நடக்கும். வயற்காட்டுச் சாலைகளில் ஒருநாள் ஓட்டம். அதில் பறந்துகொண்டு போகிறவன் ஜெயிக்க மாட்டான். வழியில் நேரம் குறிக்கும் ஒவ்வொரு சாவடிக்கும் சொன்ன நிமிஷத்தில் போய் நிற்கவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போய்விடும். தம்பி ஓட்டுவான். அக்கா மடியில் வழிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு திருப்பங்களைச் சொல்லிக்கொண்டே வருவாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அந்த ஒருநாள் அவன் அக்காவிடம் கொட்டுவான்.

இந்த வருஷம் பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது.

“அக்கா, நான் வரலக்கா. பேத்திக்குப் பொறந்தநாள்.”

“போன வருஷமும் பொறந்தநாளும் பந்தயமும் ஒரே நாள்லதானேப்பா வந்துச்சு?”

“உண்மையச் சொல்லணும்னா எனக்கு அலுத்துப்போச்சுக்கா. அந்த வண்டிய யார் தலையிலயாவது கட்டிட்டு நிம்மதியா இரேன்.”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று போனிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். கேஸ் ஏஜென்சி, பல் டாக்டர், மண்டி ஆபீஸ், இரண்டு பிளம்பர்கள். மறுபடி மேலே போகவில்லை.

பந்தயக் குழுவின் செயலாளர் ஒரு கண் டாக்டர். “தனியா வரக்கூடாதுன்னு விதி இல்லம்மா. ஆனா ஸ்டீயரிங்கப் பிடிப்பீங்களா, புத்தகத்தப் படிப்பீங்களா?” என்றார்.

“ரெண்டையும் பாத்துக்கறேன் டாக்டர்.”

வழிப்புத்தகம் பந்தயத்துக்கு முதல்நாள் மதியம், கிளம்பும் ஊரில்தான் கைக்கு வந்தது. லாட்ஜ் அறைக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்தையும் தன் குரலிலேயே போனில் பதிந்துகொண்டாள். அறுபத்திரண்டு பதிவுகள். பட்டனைத் தட்டினால் அடுத்த திருப்பம் பேசும்.

காலையில் பதினேழாம் எண்ணோடு கிளம்பினாள். இரண்டு பக்கமும் ஆள் உயரச் சோளம். “பால் நிலையம் தாண்டி இடது. மணிக்கு முப்பத்தஞ்சுலயே போகணும்” என்றது போன். போனாள். முதல் இரண்டு சாவடிகளிலும் நொடி பிசகவில்லை. கடிகாரத்தோடு நின்றவர் புருவத்தை உயர்த்தினார். அதைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் திரும்பினாள். இருக்கையில் தண்ணீர் பாட்டிலும் துடைக்கும் துணியும் கிடந்தன.

இருபத்தெட்டாவது பதிவைத் தட்டினாள். “சின்னப் பாலம் வருது. குறுகலா இருக்கும். பாத்துப் போ தம்பி.”

பழக்கதோஷத்தில் வந்துவிட்டிருந்த வார்த்தை. பதியும்போது அவளுக்கே தெரியவில்லை. அழவில்லை, ஆனால் அடுத்த திருப்பம் எப்போது போனது என்று தெரியாமல் வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர் போய்விட்டாள். சாலை ஒரு பம்ப்செட் கொட்டகையில் முட்டி நின்றது. இரண்டு பக்கமும் சேறு.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெண் மண்வெட்டியோடு வந்தாள். “வழி தப்பிட்டீங்களா? கூட யாரும் வரலயா?”

“வரல.”

“இவ்ளோ பெரிய வண்டியில ஒத்த ஆளா!” என்று சிரித்தவள், பின்னால் போய் நின்று கை காட்டினாள். “வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம்... போதும், ஒடிச்சுத் திருப்புங்க!”

தனக்கு ஒருத்தர் இப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. கார் திரும்பி நின்ற பிறகும் கிளம்ப மனசு வரவில்லை. “மெயின் ரோடு வரைக்கும் கூட வர்றீங்களா? திரும்பக் கொண்டுவந்து விட்டுடறேன்.”

“நல்லா இருக்கே கதை! மடையை யார் பாக்கறது?” அந்தப் பெண் ஏற்கெனவே வரப்பில் ஏறியிருந்தாள்.

மூன்றாவது சாவடிக்கு இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். மீதிச் சாவடிகளில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டி முடித்தும் இருபத்துநாலு கார்களில் பத்தொன்பதாவது இடம்தான் கிடைத்தது. பரிசளிப்புக் கூடத்தில் அவள் மேஜைக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். “இங்க யாராச்சும் வராங்களா?” என்று ஒருவர் கேட்க, “இல்ல, எடுத்துக்கங்க” என்றாள்.

சாப்பிடும்போது தம்பி கூப்பிட்டான். “என்னக்கா, போனியா? யார் வழி சொன்னது?”

“நானேதான்.”

“ஓட்டினது?”

“அதுவும் நான்தான்.”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். “அக்கா, நான் வந்து...”

“கேக் வெட்டியாச்சா? குழந்தை என்ன பண்றா?” என்று கேட்டாள். இரண்டு நிமிஷம் பேத்தியைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வருஷம் வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதன்பிறகும் நாலு வருஷம் அவள் தனியாகவே ஓட்டினாள். ஒருமுறை ஆறாவதாக வந்தாள். மண்டியில் அது யாருக்கும் தெரியாது. சொல்லலாம் என்று ஒருநாள் மைக்கைத் திறந்தாள்; கீழே நெல் லாரி காத்துக்கொண்டிருந்தது, பின்னால் இன்னும் மூன்று நின்றன. எடையைச் சொல்லி அனுப்பிவைத்தாள்.